கீழ் லயத்துக்கு வந்த கேசட்

அந்த ரெக்கோடரை நான் வாங்கியதே சந்தேகத்தினால்தான். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டே, கொழும்புத் தமிழ்த் தினசரி ஒன்றுக்கு லிந்துலைப் பக்கத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். கூட்டங்களில் பேசியவர்கள், பேச்சு பத்திரிகையில் வந்த மறுநாள், அப்படித் தாங்கள் பேசவே இல்லை என்பார்கள். கொழும்பிலிருந்து என்னைத்தான் கேட்பார்கள். பேச்சை அப்படியே பிடித்து வைக்கும் ஒரு பெட்டி கையில் இருந்தால் யாரும் யாரையும் நம்பவேண்டிய அவசியம் இருக்காது என்று நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, ஹட்டன் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளில் ரேடியோவும் கேசட்டும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டிகள் வந்து உட்கார்ந்திருந்தன. எது நல்ல பெட்டி என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. எனக்கு ஆலோசனை சொல்ல வந்தவன் என்னுடன் படித்த நண்பன். பொல்பிட்டிய மின்நிலையத்தில் வேலை. விடுமுறைக்கு எங்கள் தோட்டத்திலிருந்த தாய்வீட்டுக்கு வருவான். மின்சாரத்தோடு பழகியவன் என்பதால் இஸ்திரிப் பெட்டி முதல் கைக்கடிகாரம் வரை எதையும் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம். அவனுடைய முதல் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: கடைக்காரன் எதைக் காட்டுகிறானோ அதை வாங்காதே.

கடை முதலாளி முஸ்லிம். தகப்பன் காலத்திலிருந்து அதே தெருவில் வியாபாரம் செய்பவர். நண்பன் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பாரம் பார்த்தான். பாரமாக இருந்தால் அசல், லேசாக இருந்தால் போலி என்பது அவன் கணக்கு. பின்பக்கத்து ஆணிகளில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கீறல் இருந்தால் யாரோ முன்பே கழற்றி உள்ளே இருந்ததை மாற்றியிருக்கிறார்கள். கேசட் மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தான்.

"என்னா தம்பி, பெட்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் முதலாளி.

"பொண்ணுன்னா பரவாயில்ல முதலாளி. சண்ட போட்டாவது பேசிக்கலாம். இது ரெண்டு மாசத்துல வாய மூடிக்கிட்டா யாருக்கிட்ட சண்ட போடுறது?"

"எங்கிட்டத்தான். நான் எங்க போகப் போறேன்?"

"ஜப்பான்ல செஞ்சதுன்னு இவ்வளவு பெருசா எழுதியிருக்கு. அசல்காரன் இவ்வளவு பெருசா எழுதுவானா?"

"சின்னதா எழுதியிருந்தா ஏன் ஒளிச்சு எழுதியிருக்குன்னு கேப்பீங்க. வேற என்னா?"

கடைசியில் இருந்தவற்றில் மிகப் பாரமானதை வாங்கினோம். டோர்ச்சுக்குப் போடும் அதே பெரிய பெட்டரி நான்கு அதற்கு வேண்டும். என் வீட்டிலோ சுற்றியிருந்த தொழிலாளர் லயங்களிலோ அப்போது மின்சாரம் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நண்பன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏமாந்துவிட்டோமோ என்று மூன்று தடவையாவது சொன்னான்.

தோட்டத்தின் எங்கள் பிரிவில் அதுதான் ஒரே ரெக்கோடர். அதனால்தான் அந்தக் கேசட் என் வீட்டுக்கு வந்தது.

என் வீட்டுக்குக் கீழே, தண்ணீர்ப் பீலிக்கு அப்பால் இருந்த வரிசை வீடுகளைக் கீழ் லயம் என்போம். அதில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறிப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் பாடசாலையில் படித்தார்கள். கணவர் தொழிற்சாலையில் வேலை செய்தார். முடிவெடுக்கும் வேலைகளை எல்லாம் மனைவியிடம் விட்டுவிடுகிறவர்.

இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி தோட்ட ஆட்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தாயும் தம்பியும் அதற்கு இரண்டு வருடம் முன்னர் அப்படிப் போயிருந்தார்கள். தம்பியிடமிருந்து ஒரு சில கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. இப்போது அக்காவின் குடும்பத்துக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம். அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுக்கிறீர்களா இல்லையா என்று தோட்டத்து அலுவலகமான கந்தோரில் கேட்டு, பதில் சொல்ல ஒரு நாளும் குறித்திருந்தார்கள். பெயர் கொடுத்தால் லய வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும், வேலைக் கணக்கு முடிந்துவிடும். போய்ப் பார்த்துச் சரியில்லை என்று திரும்பி வர வழி கிடையாது. அங்கே நன்றாக இருக்கிறார்கள் என்றும் கதை வந்தது. வேலை தருவதாகக் கூட்டிப்போய் வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றும் கதை வந்தது. இரண்டு கதைகளையும் சொன்னவர்கள் அங்கே போகாதவர்கள்.

இந்த நிலையில்தான் அக்கரப்பத்தனையிலிருந்து அக்காவின் மாமன் மகன் வந்தார். இலங்கைப் பிரஜை, அதனால் போனாலும் திரும்பி வர முடிந்தவர். கப்பலில் போய்வந்து சேலை வியாபாரம் செய்பவர். அந்தத் தடவை அத்தையைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவர் பேசிய கேசட் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவது அப்போது தொடங்கியிருந்த ஒரு வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை என் முன்னறையில் கீழ் லயத்தில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கேசட்டைப் போட்டேன். இரைச்சலுக்குப் பின் ஒரு குரல் வந்தது. மெல்லிய, கீச்சென்ற, அவசரமான குரல். நாங்கள் நன்றாக இருக்கிறோம், வீடு கொடுத்திருக்கிறார்கள், தண்ணீர் பக்கத்தில், வேலை இருக்கிறது, ஒரு குறையும் இல்லை, எல்லோரும் வந்துவிடுங்கள். நடுவில் ஒரு சிறு சிரிப்பு. பின்னால் எங்கோ பறவைகள் கத்துவது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்து, "இது யாரு சார்?" என்றார்.

"யாருன்னா? அத்ததான்," என்றார் மாமன் மகன். "பெத்த தாயி குரல் தெரியாதா மதினி ஒங்களுக்கு?"

"எங்க அம்மாவுக்கு இப்பிடியா பேச வரும்? கூப்பிட்டா அடுத்த மலைக்குக் கேக்கும். இது வயசுக்கு வராத புள்ள பேசுற மாதிரி இருக்கு. நடுவுல சிரிப்பு வேற."

"நான் பக்கத்துல நின்னேன் மதினி. என் கண்ணால பாத்தேன்."

"ஒங்க கண்ணு பாத்துச்சு சரி. என் காது கேக்கல்லியே."

மாமன் மகன் முகம் சிவந்துபோய் தேநீர் குடிக்காமலேயே பஸ்ஸுக்குப் போனார். அவர் போன பிறகுதான் பேச்சு தொடங்கியது. யாரோ ஒரு பெண்பிள்ளையைப் பேச வைத்துக் கொண்டுவந்திருக்கிறான் என்றார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தால் அங்கே அவனுக்கு ஏதோ கிடைக்கும் என்றார் ஒருவர். அக்கா வளர்த்த மாட்டிலும் மரக்கறித் தோட்டத்திலும் அவனுக்குக் கண் என்றார் இன்னொருவர். எனக்குச் செய்தி சரிபார்க்கும் பழக்கம் இருந்தது. அவர் இருப்பது அக்கரப்பத்தனையில். இங்குள்ள மாட்டுக்குப் புல் அறுக்க அவர் இரண்டு பஸ் மாறி வரவேண்டும். ஆகவே மாட்டுக் கதையை நான் விட்டுவிட்டேன். ஆள் பிடிக்கும் கதையை விட முடியவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை, மறுப்பும் இல்லை.

நண்பன் அடுத்த விடுமுறைக்கு வந்ததும் கேசட்டைக் கேட்டான். அவன் சந்தேகம் மனிதர் மேல் போகவில்லை. பெட்டி மேல் போனது.

"நான் அன்னைக்கே சொன்னேன் மச்சான். பாரத்த வச்சு வாங்கக் கூடாதுன்னு."

"பாரத்த வச்சு வாங்கச் சொன்னதே நீதாண்டா."

"சொன்னேன். ஆனா வேற கடைல."

முதலில் பெட்டரி என்றான். நான்கும் புதிதாக வாங்கிப் போட்டோம். குரல் இன்னும் ஒரு மடங்கு மெல்லியதாகக் கேட்டது. பிறகு ஒலியை எடுக்கும் தலையில் அழுக்கு என்றான். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சு தோய்த்துத் துடைத்தோம். குரல் தெளிவாகியது, ஆனால் அதே பெண்பிள்ளைதான் தெளிவாகப் பேசினாள். பிறகு ஆணிகளைக் கழற்றி ரப்பர் வாரைப் பார்த்தான். புதிதாக இருந்தது. கடைசியில் என்னிடமிருந்த சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டோம். பாட்டு வானொலியில் கேட்பது போலவே, எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

அது எனக்கு முக்கியமாகப் பட்டது. பெட்டி பிழை என்றால் பாட்டும் பிழையாக வர வேண்டும். இருந்தாலும் ஒரே இடத்தில் விசாரித்து எழுதக் கூடாது என்பதற்காகக் கேசட்டை ஹட்டனுக்குக் கொண்டு போனேன். முதலாளி தன் கடையின் பெரிய பெட்டியிலும், அதை விடப் பெரிய இன்னொன்றிலும் போட்டுக் காட்டினார். இரண்டிலும் அதே குரல்.

"பெட்டி பொய் சொல்லாது மாஸ்டர்," என்றார். "குடுத்ததத் திருப்பிக் குடுக்கும். பேசினது யாருன்னு நீங்கதான் விசாரிக்கணும். அந்த ஃப்ரெண்டு கிட்டயும் சொல்லிருங்க, ஆணியெல்லாம் கழட்டினாருன்னா பொறவு எங்கிட்ட வரக் கூடாது."

"எப்பிடித் தெரியும் அவன் கழட்டினான்னு?"

"கழட்டாம இருப்பாரா?"

மூன்று பெட்டிகளில் ஒரே குரல். ஆகவே பெட்டிகளில் பிழை இல்லை. ஆகவே பேசியது அக்காவின் தாய் இல்லை. கீழ் லயத்துக்கு வந்து இதைச் சொன்னபோது அக்கா விறகு பிளந்துகொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப அம்மா எங்க சார்?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவில்லை. குரல் தாயுடையது இல்லையென்றால், தாயைப் பேச விடாததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அல்லது பேசுவதற்கு அவர் இல்லாமல் இருக்க வேண்டும். அதுவரை போவதா வேண்டாமா என்றிருந்த விஷயம், தாய் உயிரோடு இருக்கிறாரா என்பதாக மாறியது. போய்ப் பார்ப்பதற்காகவே பெயர் கொடுத்துவிடலாமா என்று கணவர் மெதுவாகக் கேட்டார். அவர் கருத்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா மறுபடியும் கத்தியை எடுத்து விறகைப் பிளந்தார்.

கந்தோரில் பதில் சொல்லவேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தார். இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றார். முந்தானையில் நான்கு பெட்டரிகளை முடிந்து வைத்திருந்தார்.

"இது எதுக்கு அக்கா? என்னோடதே இருக்கே."

"அன்னைக்கும் போட்டீங்க, பொறகும் போட்டீங்க. ஒங்க பெட்டரிய நாங்க ஏன் சார் முடிக்கணும்? இது டோர்ச்சுல இருந்தது. ரெண்டு பக்கத்து வீட்டுது. அடுப்போரமா வச்சு சூடு காட்டியிருக்கேன், ஓடும்."

லயங்களில் எல்லோரும் செய்வதுதான். டோர்ச் வெளிச்சம் மங்கினால் பெட்டரியை அடுப்பு மேட்டில் வைத்துச் சூடு காட்டுவார்கள். இன்னும் சில நாட்களுக்கு வெளிச்சம் வரும். வேண்டாம் என்று சொன்னால் அவர் கேட்காமலேயே போய்விடுவார் என்று தெரிந்தது. என் பெட்டரிகளை எடுத்துவிட்டு, இன்னும் வெதுவெதுப்பாக இருந்த அவற்றைப் போட்டேன்.

சக்கரங்கள் தயங்கிச் சுற்றின. இரைச்சல் தடித்துக் கேட்டது. பிறகு குரல் வந்தது. ஒரு வயதான பெண்ணின் கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "அம்மா," என்றார். பெட்டியிடம் சொல்வது போல இருந்தது.

முதலில் நான் நம்பவில்லை. மெதுவாக ஓட்டினால் எந்தக் குரலும் கனமாகத்தான் கேட்கும். சிறுபிள்ளையின் குரலையும் கிழவியின் குரலாக்கிவிடலாம். அந்த வார இறுதியில் நண்பன் வந்ததும் அதையேதான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு யோசித்தான். அங்கே பேச்சைப் பிடித்த பெட்டியில் பெட்டரி குறைந்திருந்தால் அது மெதுவாகச் சுற்றியிருக்கும். மெதுவாகப் பிடித்ததை எங்கள் பெட்டியில் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்றுதான் வரும் என்றான். பிழை இங்கே இல்லை, அங்கே. நாங்கள் இவ்வளவு நாளும் குற்றம் செய்யாத பெட்டியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

"இருக்கலாம்," என்றேன். "இருக்கலாம்கிறத வச்சு அவங்க வீட்ட ஒப்படைக்க ஏலாது. எவ்வளவு மெதுவா ஓட்டினா சரின்னு எப்பிடித் தெரியும்?"

அதற்கு விடை அந்தக் கேசட்டிலேயே இருந்தது. முன்பு பறவைச் சத்தம் என்று நான் நினைத்தது மெதுவாக ஓடியபோது பறவைச் சத்தமாக இல்லை. பேசியவருக்குப் பின்னால் ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்தது எங்கள் கொழும்பு ஸ்டேசனின் மாலைச் செய்திக்கு முன் வரும் இசை. தமிழ்நாட்டில் அந்த ஸ்டேசன் நன்றாகக் கேட்கும், அங்கே போனவர்களும் அதைத்தான் போட்டுக் கேட்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம். அந்த இசை ஒவ்வொரு மாலையும் ஒரே மாதிரி வரும். யாராலும் அதைத் தாழ்த்தவோ உயர்த்தவோ முடியாது.

அன்று மாலை ரேடியோ ஒன்றை இரவல் வாங்கி ரெக்கோடர் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். செய்திக்கு முன் இசை வந்தபோது கேசட்டையும் ஓட்டினோம். நான்கும் பழைய பெட்டரி என்றால் கேசட்டின் இசை ரேடியோவை விடத் தாழ்ந்து அழுதது. அதற்குள் செய்தி தொடங்கிவிட்டது. மறுநாள் மாலை மறுபடியும் உட்கார்ந்தோம். நண்பன் விடுமுறையை ஒரு நாள் நீட்டியிருந்தான். அதற்குள் பெட்டரிகளைக் கலந்து வைத்து, இசையை வாயால் முணுமுணுத்துப் பழகியிருந்தான். மூன்று பழையது, ஒன்று புதியது. ரேடியோவில் இசை வந்தது. கேசட்டிலும் வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே வாத்தியம் போல ஒலித்தன. நண்பன் ரேடியோவை நிறுத்தினான். கேசட் மட்டும் ஓடியது. அக்காவும் கணவரும் நிலைப்படியில் நின்றிருந்தார்கள்.

அதே கனத்த குரல். முன்பு கேட்டதை விடக் கொஞ்சம் வேகம், கொஞ்சம் உயிர். "மகளே, நாங்க நல்லா இருக்கோம். வீடு குடுத்திருக்காங்க. தண்ணி பக்கத்துல. வேல இருக்கு. ஒரு கொறையும் இல்ல. நீங்க எல்லாரும் வந்துருங்க."

நடுவிலிருந்த சிரிப்பு இப்போது சிரிப்பாக இல்லை. அழுகை என்றேன் நான். இருமல் என்றான் நண்பன். திருப்பிப் போட்டுக் கேட்டோம். அப்போதும் நான் அழுகை என்றேன், அவன் இருமல் என்றான்.

"குரல் அவங்களோடதுதான் அக்கா," என்றேன். "அதுல இனி சந்தேகம் இல்ல. உயிரோட இருக்காங்க."

"அம்மாதான்," என்றார் அக்கா. முகத்தில் ஆறுதல் இல்லை. "ஆனா சார், இது எங்க அம்மா பெரட்டுல பேசுற கொரலு."

அவர் சொன்னது எங்கள் மூவருக்கும் உடனே புரிந்தது. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். தோட்டத்தை நடத்தும் துரையோ கணக்கப்பிள்ளையோ வந்து நின்று ஏதாவது கேட்டால் எங்கள் ஆட்கள் பதில் சொல்வதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வசனமும் முழுதாக முடியும். முடிந்ததும் ஒரு நிறுத்தம், கேட்டவர் தலையசைப்பதற்காக. பிறகு அடுத்த வசனம். தோட்டத்தில் பிறந்த எனக்கு அது பழகிய குரல். ஆனாலும் இவ்வளவு தடவை கேட்டும் அது என் காதில் விழவில்லை. வேகமாக ஓடியபோது அந்த நிறுத்தங்கள் கேட்கவே இல்லை. பேசியவள் கவலையில்லாத சிறுமியாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

"ஒரு கொறையும் இல்லன்னு சொல்றாங்க பாருங்க," என்றார் அக்கா. "தொர வந்து கேட்டா அம்மா இப்பிடித்தான் சொல்லும். வீட்டுக்கு வந்து பொகையிலயப் போட்டுக்கிட்டு எல்லாக் கொறையும் சொல்லும். என்னய மகளேன்னு கூப்பிட்டதே இல்ல சார். திட்டாம ஒரு பேச்சு பேசினதில்ல."

கணவர் நிலைப்படியிலிருந்து, "யாரோ முன்னுக்கு நிக்கிறாங்க," என்றார்.

நண்பன் பெட்டியை அணைத்தான். "எனக்குத் தெரிஞ்சது வேகம் மட்டுந்தான்," என்றான். "அது சரி. மத்தது நீங்கதான் சொல்லணும்."

நான் மாமன் மகனுக்கு ஆள் அனுப்பினேன். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். இந்தத் தடவையும் தேநீரைத் தொடவில்லை. சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். கேசட்டைப் போட்டுக் காட்டியதும் அவர் தோள்கள் இறங்கின.

"இப்ப நம்புறீங்களா? நான் சொன்னேன்ல, அத்ததான்னு."

"நம்புறேன்," என்றார் அக்கா. "எங்க வச்சுப் புடிச்சீங்க?"

"அவங்க வேல செய்யிற எடத்துலதான்."

"எடம்னா?"

"மொதலாளி வீட்ல. வேற எங்க மதினி ரெக்கோடர் இருக்கு? அவரு வீட்லதான் இருக்கு. கேட்டேன், சரின்னாரு. திண்ண மாதிரி ஒரு எடத்துல ஒக்காந்தோம்."

"அவரும் இருந்தாரா?"

"அவரு வீட்ல அவரு இல்லாம?" என்றார் மாமன் மகன். பிறகு குரல் தாழ்ந்தது. "பக்கத்துல கதிர போட்டுத்தான் ஒக்காந்திருந்தாரு. அத்த பேசி முடியிற வரைக்கும்."

நான் பெட்டரியைப் பற்றிக் கேட்டேன்.

"நமக்கெல்லாம் புதுப் பெட்டரி போடுவாரா சார்? இருந்தது போதும்னுட்டாரு."

"அம்மா அழுதாங்களா, இருமினாங்களா?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியல சார். நான் மொதலாளியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஏதும் தப்பாப் பேசிருவாங்களோன்னு எனக்குப் பயம். வெளியில வந்து தனியாப் பேசலாம்னு பாத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லி அவரே என்னய ரோட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டாரு."

"இத அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றார் அக்கா.

"சொன்னா நீங்க போகாம இருந்துருவீங்க. அத்த என்னயப் பாத்து வரச் சொல்லுன்னு சொல்லிச்சு மதினி. வாயால சொல்லிச்சு. நான் எதக் கொண்டாந்து குடுக்குறது?"

ஆள் பிடிக்கிறவர் என்று கீழ் லயம் முடிவு செய்திருந்த மனிதர், சொன்னதைச் சொன்னபடி கொண்டுவந்தவர்தான் என்று எனக்குப் பட்டது. முழுவதும் நிச்சயம் இல்லை. முதலாளி அவருக்கு ஏதாவது கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் சொன்னதைச் சரிபார்க்க என்னிடம் வழி இல்லை. இதைச் செய்தியாக எழுதலாமா என்றும் யோசித்தேன். எந்த ஊர், எந்த முதலாளி, தவறு என்ன என்று கொழும்பில் கேட்பார்கள். தாய் நன்றாக இருக்கிறேன் என்கிறார். அதை நம்பாததற்குக் காரணம் மகளின் காது. அந்தக் காரணத்தை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது. அக்காவுக்கு அது போதுமா என்பதை அக்காதான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் கந்தோருக்குப் போகும்போது என்னையும் கூட வரச் சொன்னார். அரை நாள் விடுப்புப் போட்டேன். பெரிய கிளாக்கர் நல்ல மனிதர்தான். ஆனால் போகிறவர்களின் எண்ணிக்கையை மேலே சொல்லவேண்டிய நிலையில் இருந்தவர். அக்காவும் கணவரும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"என்னா, கப்பலுக்குப் பேர் போடவா?" என்றார்.

"இந்தக் கப்பலுக்கு வேணாங்க," என்றார் அக்கா.

"ஏன்? வரச் சொல்லி டேப்பே வந்திருக்குன்னு தோட்டம் பூராவும் பேசுறாங்க. அம்மாவே கூப்பிட்டாச்சு. இன்னும் என்னா?"

"அம்மா கூப்பிடலைங்க. அம்மாவக் கூப்பிட வச்சிருக்காங்க."

கிளாக்கர் என்னைப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "நீ என்னா சொல்ற?"

"அவ அம்மா கொரலு அவளுக்குத்தானுங்க தெரியும்."

"இப்பிடியே தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்க ஏலாது தெரியுமா? எப்பத்தான் போறதா உத்தேசம்?"

அதுவரை அக்கா நிலத்தைப் பார்த்து, ஒவ்வொரு பதிலையும் முழுதாக முடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா என்னயத் திட்டி ஒரு டேப்பு வரட்டுங்க," என்றார். "அப்பறம் பாப்போம்."

கிளாக்கர் பேனாவை மூடினார். பெயர் போடவில்லை. வெளியே வந்ததும் கணவர் தொழிற்சாலைப் பக்கம் இறங்கினார். இனிப் போனாலும் அன்றைக்கு அரைப் பேர், பாதி நாள் சம்பளந்தான் கிடைக்கும் என்று முணுமுணுத்தபடி அக்கா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிப் போனார்.